அசல்

டிசம்பர் இருபத்தொன்பது, இரண்டாயிரத்து ஒன்பது.
துபாய், கிசைஸில் கூரை போட்ட குளம்.
இன்னும் இரண்டு ராத்திரி, அதன்பின் ரப்பர் உடை செல்லாது.
செல்லாத நோட்டோடு வங்கிக்கு ஓடுகிறவர்கள் மாதிரி
எட்டு நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள்,
சாதனையை இந்த வாரமே மாற்றிக்கொள்ள.

நான் ஏழாம் பாதையின் கடிகாரம்.
சம்பளமில்லை. வெள்ளைச் சட்டை, மதியம் பிரியாணிப் பொட்டலம்.
சுவரில் மின்பலகை இருக்கிறது;
அது பேசினால் என் விரல் வேண்டாம்.
மற்ற நாளெல்லாம் ஷேக் ஸாயித் சாலையில் தணிக்கை.
கடனைக் கட்ட ஆறு மாதம் தவணை கேட்கிற
கம்பெனியின் கோப்பு என் மேசையில்.
மேலாளர் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புவார்:
'இந்த எண் கொஞ்சம் இளைக்கட்டும், மீராசா.'

பெண்கள் உடை மாற்றும் கதவுக்குப் பின்னாலிருந்து
சத்தம் மட்டும் வரும்.
பாதத்தில் பாலித்தீன் பை மாட்டி வழுக்கவிட்டு
அங்குலம் அங்குலமாய் இழுப்பது,
'மூச்சை விடு, விடு' என்று ஒரு குரல்,
சர்ரென்று தையல் விடுவது,
அப்புறம் அழுகை.
கராமாவில் ஒரு கட்டிலுக்கு
இரண்டு மாத வாடகை அந்த உடை.

'இது நீச்சலில்லை, மிதவை' என்றார் லெபனான் நடுவர்.
'அப்படியானால் கண்ணாடியையும் கழற்றச் சொல்லுங்கள்'
என்றார் பயிற்சியாளர் விக்ரமசிங்க.
இரண்டும் சரியென்றே பட்டது எனக்கு.

ஹெஸ்டர் அமலதாஸ். இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளை.
காலைப் பத்திரிகையில் கணிப்பு வந்திருந்தது:
ரப்பரில் வெண்கலம். துணியில் ஆறாமிடம்.
அவள் துணியில் வந்து நின்றாள்.
கறுப்பு, தோள்பட்டையில் குளோரின் தின்று வெளுத்தது.
விக்ரமசிங்க பிரிக்காத பையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.
'ஜனவரியிலயும் நான்தான சார் நீந்தப்போறேன்.
என் டைம் என்னன்னு எனக்குத் தெரிய வேணாமா?'
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

விசில்.
மற்ற ஏழும் பளபளவென்று மேல்மட்டத்திலேயே போயின.
இவள் மட்டும் ஒவ்வொரு வீச்சுக்கும்
கொஞ்சம் உள்ளே இறங்கி
தன்னைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.
நூற்றைம்பதில் ஆறாவது.
பத்திரிகைக்காரன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.
எதிர்க்கரையில் கடைசியாகச் சுவரை உதைத்துத் திரும்பினாள்.
நடுப்பாதையில் ஒருத்திக்குக் கை கனத்தது,
பிறகு இன்னொருத்திக்கும்.
தொட்டாள். தெறித்த தண்ணீரில் என் ஷூ நனைய
அமுக்கினேன்.

பெயர்ப்பலகையில் ஏழுக்கு நேரே இருட்டு.
மின்பலகை பேசவில்லை.

மூன்று கடிகாரங்கள்.
மணிலா செவிலி கிறிஸெல்டா: 2:13.41.
ஹலப் ஊர் வாத்தியார்: 2:13.52.
நான்: 2:13.48.
நடுவில் நிற்பதே செல்லும் என்பது விதி.
மூன்றாமிடம் 2:13.37இல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.
விக்ரமசிங்க என்னைப் பார்த்தார்.
வாய் திறக்கவில்லை;
பார்வையில் ஒரு பென்சில் இருந்தது.

எழுதினேன். நாற்பத்தெட்டு. நான்காமிடம்.
இந்த வருடம் நான் மையால் எழுதிய எண்
அது ஒன்றுதான்.

'எவ்ளோ அண்ணா?' என்றாள் கயிற்றில் தொங்கியபடி.
சொன்னேன்.
முகத்தை ஒரு முறை தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தாள்.
அழுதாளா சிரித்தாளா, ஈரத்தில் தெரியவில்லை.

மேடை தயார். கொடிகள் தயார்.
வெண்கலத்தின் பெயரை மூன்றாம் தடவை அழைக்கிறார்கள்.
உள்ளே அவளை உடையிலிருந்து உரித்தெடுக்க
இரண்டு பேர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
துவாலையைப் போர்த்திப் படியில் உட்கார்ந்து
ஹெஸ்டர் சமோசா தின்கிறாள்.
'ஆறிப்போச்சு, பரவால்லையா?' என்று
தாளோடு ஒன்றை என் பக்கம் தள்ளுகிறாள்.