மேனேஜரின் வயிறு

பெயர் மேனேஜர்.
கானாடுகாத்தானில், சன்னல்களை எண்ணி முடிக்காத வீடு ஒன்றுக்கு
நாங்கள் காவல். எங்களுக்கு மேல் அவன்.
ராஜபாளையம். பால்வெள்ளை, ரோசா மூக்கு,
பெட்டகம் மாதிரி ஆழமான மார்க்கூடு.
ஆபத்து அந்த ஆழத்தில் இருக்கிறதென்று
எனக்கு யார் சொன்னார்கள்?

அன்று வளவில் அறுபதாம் கல்யாணம்.
பந்தி மிச்சம் ஒரு கூடைச் சோறு.
மகராசனாய்த் தின்னட்டும் என்று
முக்காலிமேல் தட்டை வைத்துக் கொட்டினேன்.
மெல்லவில்லை, விழுங்கினான்.
சோற்றோடு காற்றையும் விழுங்குகிறான் என்பது
கண்ணில் படுகிற விஷயமா?
தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு
பந்தல் பிரிக்கும் பையன்கள் பின்னால்
முகப்புக்கும் கடைசிக் கட்டுக்கும்
நாலு நடை ஓடினான்.

ஒன்பதரைக்கு வாந்தியெடுக்க நின்றான்.
வரவில்லை.
மறுபடி நின்றான். நுரை மட்டும்.
உட்கார்ந்தான், எழுந்தான், படுக்க முடியவில்லை.
விலாப்பக்கம் யாரோ கூப்பிடுவதுபோல்
திரும்பித் திரும்பிப் பார்த்தான்.
வீட்டுக்காரர் ஓமத்தண்ணீர் காய்ச்சினார்.
அரைமணி நேரம் அடுப்பில் எரிந்தது.
வயிற்றைத் தட்டினேன்.
தவில்காரர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்,
தவில் இங்கே இருந்தது.
உதட்டைத் தூக்கினால்
ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

சமையல்காரர் வேனில், கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவே
காரைக்குடிக்கு.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்டா முழங்கியது.
அவன் முனகவில்லை.
முனகாததுதான் பயமாயிருந்தது.

டாக்டர் மெய்யம்மை நைட்டிமேல் கோட்டை மாட்டி வந்தார்.
விலாவில் ஊசி இறங்கியது.
புஸ்ஸென்று ஒரு சத்தம், புளித்த நாற்றம்.
எனக்கு ஏனோ சைக்கிள் டியூப் நினைவுக்கு வந்தது.
"ஊதினதோடு இல்லை, இரைப்பை திரும்பிக்கொண்டுவிட்டது.
ஈரத்துணியைப் பிழிகிற முறுக்கு.
ஓமத்தண்ணீர் இதை அவிழ்க்காது.
இன்னும் ஒரு மணி நேரம் பார்த்திருந்தால்
குழிதான் வெட்டியிருப்பீர்கள்."
அறுவைக்குப் போகுமுன் ஒரு கேள்வி:
"இவன் தாய் எப்படிச் செத்தது?"

வாய் வரவில்லை எனக்கு.
நாலு வருஷம் முன்னால், ஒரு கார்த்திகை ராத்திரி
அவளும் வராத வாந்தியை எடுத்தாள்.
அவளும் விலாவைப் பார்த்தாள்.
விடியும்போது வயிறு பானையாய் நின்றது.
விஷம் என்றோம்.
எதிர்ச்சாரி சைக்கிள் கடை சூசைமாணிக்கம்
முந்தின நாள்தான் குரைப்புக்குத் திட்டியிருந்தார்.
அது போதுமானதாய் இருந்தது.
நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றியது
நான்.
அன்றிலிருந்து காற்றுப்போன சைக்கிளை
ஸ்டேஷன் பக்கம்வரை தள்ளிப்போய்
அடித்துக்கொண்டு வருகிறேன்.

மேனேஜர் பிழைத்தான்.
இரைப்பையை உள்சுவரோடு தைத்திருக்கிறது.
ஊதினாலும் இனிச் சுழல்வது கஷ்டம் என்றார் டாக்டர்.
முக்காலி அடுப்படிக்குத் திரும்பிவிட்டது.
ஒருவேளைச் சோறு மூன்றாகிவிட்டது.
தட்டு நடுவே, விழுங்க முடியாத பருமனில்
உடைந்த அம்மிக் குழவி ஒன்று.
அதைச் சுற்றிச் சுற்றித்தான் தின்ன வேண்டும்.
கல்லைப் பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கிறான்,
கணக்கில் பிழை கண்ட பார்வை.
தின்றபின் ஒரு மணி நேரம் சங்கிலி.
கொரியர் பையன் வந்தால் குரைக்கலாம், ஓடக்கூடாது.
கதவுக்குப் பின்னால் கரியில் டாக்டர் நம்பர்.

இதெல்லாம் எளிது.

இன்று காலை முன்சக்கரம் தரையோடு உட்கார்ந்திருந்தது.
தெருவைக் கடக்க இருபதடி.
சூசைமாணிக்கம் நிமிரவில்லை.
பம்பை இழுத்தார்,
எச்சில் விரலை வால்வில் வைத்துக்
குமிழி வருகிறதா என்று பார்த்தார்.
"விஷம் இல்லை" என்றேன்.
"எனக்கு அன்றைக்கே தெரியும்"
என்றார், பம்பை அழுத்தியபடி.
பின்சக்கரத்தையும் கேட்காமலே அமுக்கிப் பார்த்தார்.
"பத்து ரூபாய்."
ஐம்பதை நீட்டினேன்.
மீதியை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.