தோன்றா எழுவாய்

நாற்பத்தோரு ஆவணங்கள்.
மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டதும்
பச்சைப் பட்டை ஒன்று ஓடி முடிந்தது.
கென்ட் ரிட்ஜ், நான்காம் மாடி.
குளிரூட்டி பத்தொன்பதில் உறும
கம்பளிச் சட்டையின் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
வெப்பத்தைப் பற்றி வாசிக்கிறேன்.

தழுவலுக்கு நீலம்.
தணிப்புக்கு மஞ்சள்.
கடல்மட்டத்துக்கு நான் வைத்த நிறம்
திரையில் ஒன்று, அச்சில் வேறொன்று.
வாக்கியத்தின் மேல் சுட்டியை அழுத்தி இழுத்தால் போதும்,
தன் பக்கத்தை விட்டு வந்து
என் கூடையில் விழும்.

நூரைஷாவும் நானும் தனித்தனியே நிறமிட்டோம்.
'கரையோரம் உயர்த்தப்படும்' என்ற பத்தி
அவளுக்கு வாய்ப்பு, எனக்கு இழப்பு.
எங்கள் உடன்பாடு, மென்பொருளின் கணக்கில்,
புள்ளி நான்கு ஒன்று.
தே பெங்கில் ஐஸ் கரையும்வரை கேன்டீனில் வாதாடினோம்.
அவள் வீடு பிடோக்கில், பதினோராம் மாடி.
"எனக்குத் தண்ணீர் ஏறாது, லிஃப்ட்தான் நின்றுபோகும்" என்றாள்.
அதற்குக் குறியீடு இல்லை.

புதன்கிழமை, தமிழ்ப் பக்கங்கள்.
நான்கு மொழித் துண்டறிக்கையின் கடைசி மடிப்பு.
சொல்மேகம் கேட்டேன்.
எழுத்துகளைப் பிய்த்துப் போட்டது:
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
'வெப்பம்' உடைந்து
தலைமேல் இருந்த புள்ளிகள்
மழைக்குப் பிந்திய ஜன்னல்போலத் திரையெங்கும்.
ஆவணத்தில் அதிகம் வந்த சொல்
புள்ளிதான்
என்று அறிவித்தது.
நூரைஷா அதைப் படமெடுத்துக்கொண்டாள்.

ஆகவே கையால் எண்ணினேன்.
உயர்த்தப்படும். குறைக்கப்படும். கண்காணிக்கப்படும்.
உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்.
உயர்நிலை மூன்றில் செயப்பாட்டுவினைக்கு
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
அன்று உறைக்காதது இன்று உறைத்தது.
செய்பவரை மறைக்க
மொழி எடுத்துக் கொடுத்த துணைவினை
படு.
பாடுபடு, அடிபடு, அவதிப்படு.

சிவப்பில் புதிய குறியீடு திறந்தேன்.
பெயர்: 'யார்?'
வெள்ளி மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
நீலத்தையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டு
இன்னும் வாய் திறந்து நின்றது.
பேராசிரியர் பதில் போட்டார்: 'சுவாரசியம்.
குறியீட்டுக்கு வேறு பெயர் பரிசீலிக்கப்படலாம்.'

பிறகு நேர்காணல்கள்.

"மத்தியானம் சாரத்துல நின்னு கம்பி புடிச்சா
கையுறைக்குள்ளயே கை வேகுது.
நான்தான் ஃபோர்மேன்கிட்ட சொன்னேன், நெழலு வேணும்னு.
வேற யாரும் சொல்லல. நான் சொன்னேன்.
எழுதிக்குங்க."

நாற்பத்தோரு கோப்புகளில் கிடைக்காத ஒன்று
ஒரே மூச்சில்
இரண்டு தடவை வந்து நின்றது.

ஞாயிறு அன்று, பெஞ்சூரு பக்கம்,
பேசி முடித்ததும் பேனாவை வாங்கி
தன் பெயரை என் நோட்டில் தானே எழுதினார்.
முதலெழுத்தோடு, ஊரோடு,
அடியில் ஒரு கோடும் போட்டு.

கோப்பின் தலைப்பில் இப்போது
'பங்கேற்பாளர் 17'.
படிவம் அப்படித்தான் சொல்கிறது.
அவர் நன்மைக்குத்தான்,
வேலை போய்விடக்கூடாதே, எனக்கும் தெரியும்.
முறையியல் பகுதியில், மூன்றாம் பத்தியில்,
ஒரு வரி சேர்த்தேன்:
பெயர்கள் நீக்கப்பட்டன.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
சுட்டியை அதன்மேல் இழுத்தேன்.
சிவப்பு.
முந்நூற்றுப் பதின்மூன்று.