திவாலாக முன்பணம்

முதல் அரைமணி இலவசம் என்று
கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது.
சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே
நாற்காலியைப் போட்டிருந்தார் வக்கீல் ஹாலிஸ் பென்டர்.

டொலீடோ நகரத்தில் பிப்ரவரி.
மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டும் டோரீன் விட்ஸாக்
காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில்
மளிகைப் பை நிறையத் தபாலோடு வந்திருந்தாள்.
பாதி உறைகள் பிரிக்காதவை.

பித்தப்பையை எடுத்த ஆஸ்பத்திரி,
மயக்க மருந்து கொடுத்தவர் தனி,
படம் பிடித்தவர் தனி,
அவள் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த ஒவ்வொருவரும்
வெவ்வேறு முகவரியிலிருந்து எழுதியிருந்தார்கள்.
அப்புறம் அதை அடைக்க எடுத்த கார்டு,
அந்தக் கார்டை அடைக்க எடுத்த கார்டு.

நாற்பத்தோராயிரத்துச் சொச்சம், கூட்டிச் சொன்னார்.
எழுதிக் கொடுத்துவிடலாம், பயப்படாதீர்கள்.
என் கட்டணம் ஆயிரத்து நானூற்றைம்பது.
கோர்ட்டுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு.
சிக்கனம் பற்றி இரண்டு பாடம் கேட்க வேண்டும்,
அதற்கும் காசு.

தவணையாகத் தரட்டுமா?
தரலாம். கடைசித் தவணைக்குப் பிறகுதான் மனுப் போடுவேன்.
கறாராகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள்,
மனுப் போடும் நாளில் எனக்குப் பாக்கி இருந்தால்
கடன்கொடுத்தவர் பட்டியலில் நானும் ஒருவன்.
என் பெயரை நானே எழுதி, நானே அடிக்க வேண்டியிருக்கும்.
சிரித்தார். அவளும் சிரித்தாள்,
தையல் போட்ட இடம் இன்னும் இழுப்பதுபோல.

நம் பேச்சில் இதற்கு மஞ்சள் கடுதாசி.
கொடுத்தவன் ராத்திரியோடு ராத்திரியாக
வெறுங்கையோடு போனான் என்றுதான் கேட்டிருக்கிறேன்.
வெறுங்கைதான் என்று காட்டுவதற்குக்
கைநிறையக் கொண்டுவரச் சொல்லும் ஊரும் இருக்கிறது.

இனிமேல் கார்டுக்காரர்களுக்குக் கட்ட வேண்டாம் என்றார்,
வாசல்வரை வந்து.

வரிப்பணம் திரும்பியது அறுநூற்றுப் பன்னிரண்டு.
நிலவறையில் இருந்த உறைபெட்டி,
உள்ளிருந்த மான் இறைச்சியோடு, நூறு.
செவ்வாயும் வியாழனும்
டயர்க் கடைக்குப் பக்கத்தில் சாய்நாற்காலியில் படுத்து
முழங்கை மடிப்பை நீட்டினாள்.
ரத்தத்தைச் சுற்றவிட்டு
மஞ்சள் நீரை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு
மீதியை உடம்புக்கே விட்டுவிடுவார்கள்.
முதல் தடவைக்கு ஐம்பது, மறு தடவைக்கு அறுபத்தைந்து.
என்னிடம் வாங்கியதில் கொஞ்சமாவது திருப்பித் தருவது
இவர்கள்தான் என்றாள், பக்கத்து நாற்காலிக்காரனிடம்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் ஆயிரத்து முந்நூறு சேர்ந்தபோது
காரின் ஆல்டர்னேட்டர் செத்தது.
திரும்பவும் எண்ணூற்று நாற்பதிலிருந்து.
ஜூனில் பள்ளி மூடும்,
சம்பளமும் மூடும்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை
பென்டரின் உதவியாளர் ரசீது கிழித்துத் தந்தாள்:
முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்.
ஆறு வருஷத்தில் அவள் பெயருக்கு
அப்படியொரு தாள் வந்ததில்லை.
கூடவே ஒரு வாக்கியமும்:
எனக்கு வக்கீல் இருக்கிறார், அவரிடம் பேசுங்கள்.
பிள்ளைகள் இறங்கிப் போன பேருந்தில்
காலி இருக்கைகளைக் கண்ணாடியில் பார்த்தபடி
சத்தமாகச் சொல்லிப் பழகினாள்.
இரண்டாவது தடவை குரல் நடுங்கவில்லை.

அன்று மாலையே போன் அடித்தது.
வாரத்துக்கு ஐந்து முறை கேட்டுச் சலித்த குரல்,
சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும்.
டோரீன் சொன்னாள். வக்கீல் பெயர், எண்,
எழுத்துக் கூட்டி.
குறித்துக்கொண்டேன் மேடம்,
இனி உங்களை அழைக்க மாட்டோம்.

வைத்துவிடுவாள் என்று பார்த்தால், வைக்கவில்லை.
அவளுக்குப் பின்னால்
நூறு பேர் நூறு பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் இரைச்சல்.
பிறகு, கையால் வாயை மறைத்ததுபோலத் தணிந்து,
அவர் எவ்வளவு வாங்குகிறார்?

டோரீன் தொகையைச் சொன்னாள்.
தவணை உண்டு,
ஆனால் எல்லாம் முன்னாலேயே, என்றும் சொன்னாள்.
அந்தப் பக்கம்
பேனா தேடும் சத்தம் கேட்டது.