உடனடி வெளியீட்டுக்கு

முதல் வரியிலேயே "வெளி" என்று எழுதியிருந்தாள் ரலிட்சா.
அடுத்து "உடலின் இன்மை".
அதற்கும் அடுத்து மூச்சுவிட இடமில்லாத ஒரு வாக்கியம்,
நினைவு, மறதி, இரண்டுக்கும் நடுவே ஓர் "ஊடாட்டம்".
கண்காட்சியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.
"மெத்தைகள்" என்றாள்.

மெத்தைகள்கூட இல்லை, மெத்தைகளின் பள்ளங்கள்.
மூடிப்போன நுரையீரல் மருத்துவமனையில்
இரும்புக் கட்டில்களில் விட்டுப்போன பதினேழு மெத்தைகள்.
ஆட்கள் படுத்துப் படுத்து விழுந்த குழிகளில்
ஜிப்சம் கரைத்து ஊற்றி
இறுகியதும் கவிழ்த்து எடுத்திருக்கிறாள்.
"இதை ஏன் எழுதவில்லை?"
"இதுவா? இது வெறும் நடந்தது."

ரூசே நகரத்தில் ஒரு நாளிதழ்தான் மிச்சம்.
அதில் கலைக்கு ஒரே ஆள், யோவ்கா.
வானிலையும் அவள், இரங்கல் குறிப்பும் அவள்,
தன்யூப் நீர்மட்டமும் அவளே.
காலையில் நாற்பது மின்னஞ்சல்;
ஒவ்வொன்றுக்கும் ஒரு மிடறு காப்பி.
இரண்டாம் வரிக்கு இரண்டாம் மிடறு கிடையாது.

ஆகவே அடித்தேன்.
"ஊடாட்டம்" போனது. "வெளி" போனது.
"சர்வதேசப் புகழ்பெற்ற" போனது:
ஒருமுறை புக்கரெஸ்டில் காட்டியிருக்கிறாள்,
பாலம் தாண்டினால் ஒன்றரை மணி நேரம்.
ஒவ்வொரு சொல்லுக்கும்
பல் பிடுங்கக் கொடுத்தவள்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.
"சிற்பி என்றாவது விடுவாயா?"
விட்டேன்.

யார், என்ன, எங்கே, எப்போது.
ஏன் என்பதைப் பார்க்க வருகிறவர் கொண்டுவரட்டும் என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
ஒரு படம். ஒரு தொலைபேசி எண்.
செவ்வாய் காலை ஒன்பதுக்கு அனுப்பினோம்.

புதன் முழுக்க என் கைபேசி ஊமை.
வியாழனும்.
ரலிட்சா ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சொல்லாமைக்குள் என் பெயர் இருந்தது.
இரவுதான் கண்ணில் பட்டது:
எண்ணின் கடைசியில் ஆறு நிற்கவேண்டிய இடத்தில்
ஒன்பது, தலைகீழாக.

அந்த ஒன்பது
துறைமுகச் சாலையில் ஸ்டாமெனின் டயர் கடையில் மணியடித்திருக்கிறது.
"கண்காட்சி பற்றிக் கேட்கவேண்டும்" என்றாளாம் யோவ்கா.
"இங்கே பஞ்சர்தான் பார்ப்போம்."
அத்தோடு வைத்திருக்கலாம்.
அன்று ஆறு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை,
கையில் நேரம் இருந்தது போலும்;
தாளை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.
மூன்றாம் வரியில்
காற்றடிக்கும் இயந்திரத்தை அவர் நிறுத்தியது கேட்டதாம்.
"எந்த வார்டு?"
"ஆண்கள், இரண்டாம் மாடி."
"ஜன்னலோரக் கட்டில் இருக்கிறதா?
அதில் ஒரு கம்பி இடது விலாவில் குத்தும்.
நாங்கள் ஆறு பேர், முறை வைத்துப் படுப்போம்.
அந்தக் குழி ஒரே ஆளுடையதில்லை என்று
அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்."

சனிக்கிழமை, நீர்மட்டத்துக்கு மேலே, கால் பக்கம்.
என் வரி ஒன்றுகூட இல்லை.
அவர் சொன்னது மட்டும்,
பெயருடன், கடை முகவரியுடன்.

திறப்பு நாளில் வந்தார்.
கழுவியும் போகாத கருப்பு நகங்களில்.
யாருக்கும் கை கொடுக்கவில்லை.
எட்டாம் ஜிப்சத்தின் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டே போய்
விரல்நுனி மட்டும் நுழையும் ஒரு துளையில்
நின்றார்.

அடுத்த கண்காட்சிக்குத் தாள் அடிக்கும்போது
எண்ணை உரக்கப் படித்தேன், இரண்டு முறை.
"கடைசியில் ஆறு" என்றேன்.
"ஆறேதானா?" என்றாள் ரலிட்சா,
ஏமாந்தவளைப் போல.