இடக்கைப் பாடம்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சஸ்கட்டூனில் ஜனவரி என்பது
கதவைத் திறப்பவர் ஒவ்வொருவருக்கும் பின்னால்
உள்ளே ஓடிவரும் வெண்புகை.
ஜிம்மில் இருபத்திரண்டு பேர்.
மூன்றாமாண்டு. உடற்கல்வி ஆசிரியர்கள் ஆகப்போகிறவர்கள்.

பந்துகளை உருட்டிவிட்டுச் சொன்னேன்:
இன்று யாரும் பழகிய கையால் எறியக் கூடாது.

சிரிப்பு.
முதல் பந்து கூரை விளக்கின் கம்பிவலையில் மோதியது.
ட்ரேவிஸ் பேர் எறிந்தது அவன் காலடியிலேயே விழுந்து
கோழிக்குஞ்சு போல அவனையே சுற்றி வந்தது.

கீரா ஒலெக்சின் சிரிக்கவில்லை.
மாகாண சாஃப்ட்பால் அணியின் பிட்சர்.
தோளில் எந்தத் தசை எப்போது விழிக்கும் என்று
டிசம்பர் தேர்வில் பிழையின்றி எழுதியவள்.
வலக்கைக்குத் தெரிந்தது வாய்க்கும் தெரிந்திருந்தது.
இருபது வருடமாகப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த
இடக்கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

எறிந்தாள்.
கையோடு அதே பக்கத்துக் காலும் முன்னே போயிற்று.
முழங்கை விலாவை விட்டு வர மறுத்தது.
மறுபடி.
மறுபடி.
பதினோராவது முறை பந்தைத் தரையில் அறைந்து
"முட்டாள்தனம்" என்றாள்,
பந்தைப் பார்த்து, என்னைப் பார்த்து,
பிறகு தன் இடக்கையைப் பார்த்து.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும்.
பாடத்திட்டத்தில் அங்கே ஒரு வாக்கியம் இருக்கிறது,
நானே எழுதியது.
தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.
ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை குறிப்பேடுகள் வந்தன.
கீராவுடையது ஒரே பக்கம்.
இடக்கையால் எழுதியிருந்தாள்.
எழுத்துகள் பனிக்கட்டியில் வழுக்கி
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.
அரை மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவு:

ஏழாம் வகுப்பில் ஓவன் வீப் என்று ஒருவன்.
அணி பிரித்தால் கடைசியில் மிஞ்சுவான்.
நான்தான் கேப்டன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று
எதிரணிக்குத் தள்ளிவிடுவேன்.
அவனுக்கு எறிய மனமில்லை என்று நினைத்தேன்.
அவன் கை

அதற்கு மேல் பேனா தாளைக் கிழித்திருந்தது.
கிழிசலுக்கு அப்பால் ஒரே ஒரு சொல்,
"குளிர்" அல்லது "குழந்தை".

பத்துக்கு எத்தனை போடுவது?
கைவந்தவர்களுக்கு மதிப்பெண் போட்டே
பதினான்கு வருடம் போய்விட்டது.
கைவராததற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.

சிவப்புப் பேனாவை இடக்கைக்கு மாற்றினேன்.
எட்டு போட நினைத்தேன்.
மேல்வளையம் ஒருவழியாக வந்தது.
கீழ்வளையம், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி
தாளின் ஓரம் வரை போய்
நின்றுவிட்டது.
எட்டு எட்டவில்லை.

அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.
"ஒன்பதா இது?"
"எட்டு. வரவில்லை."

தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.
கையுறையைக் கழற்றினாள்.
"பேனாவை ரொம்ப இறுக்குகிறீர்கள்" என்று
என் பெருவிரலைக்
கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தாள்.