படித் திருப்பம்

ஒவுலுவில் பனி உருகுமுன்பே
நிலவறையில் அறுத்து, இழைத்து
எட்டடிக்கு நாலடி
பாத்திப்பெட்டியை முடித்துவிட்டார் ஊர்ஹோ.
மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன்:
மயிரிழை பிசகில்லை.

மே மாதம். ஆளுக்கொரு முனை.
கதவைத் தாண்டிற்று.
படிக்கட்டின் திருப்பத்தில் முட்டி நின்றது.

‘பாதாளத்திலேயே முள்ளங்கி போடலாம்’ என்றேன்.
சிரிக்கவில்லை.
நாற்பத்தெட்டுத் திருகாணி.
ஒவ்வொன்றாய்க் கழற்றித்
தொப்பியில் போட்டுக்கொண்டார்.

முற்றத்தில் மறுபடி பெட்டி.
அடியில் அட்டை, பிர்ச் சருகு,
மேலே பதினோரு மூட்டை மண்.
தயிர் டப்பாவில் வளர்ந்த நாற்றுகளுக்குக்
காற்று புதிது;
ஒரு வாரம் தலை தூக்கவில்லை.

ஜூனில் இருட்டே கிடையாது.
இரவு பதினொன்றுக்கு வெயிலில் நின்று
சதகுப்பைக்கு நீர் விடுகிறார்.

தொப்பிக்குள் இன்னும்
ஒரு திருகாணி.
எந்த மூலையுடையது என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் பெட்டியில் சாய்வதில்லை.