இந்தா

முப்பத்தொன்பது வருடமாக பாஸ்டோஸ் ஊர்ப் பதிவகத்தில்
பிறப்பும் இறப்பும் ஒரே பேனாவால் எழுதுகிறேன்.
இன்று காலை வந்த தாள்:
தொமே ஹிரசாவா. கோழிப் பண்ணை. வயது தொண்ணூற்றைந்து.
தொப்பியை மார்போடு அணைத்து நிற்கிறார் மகன்.
எழுத்துப் பிழையா என்கிறான் புதிதாய்ச் சேர்ந்த பையன்.
இல்லை, உள்ளபடி எழுது.

தொமே என்றால் நிறுத்து.
ஷிகோகுத் தீவில் நான்கு பெண்களுக்குப் பின்
ஐந்தாவதும் பெண்ணாய் வந்து விழுந்தபோது
அவள் அப்பா மேலே இருப்பவருக்குப் போட்ட மனு அது.
போதும் என்பதையே பெயராக வைத்துத்
தினம் பத்துத் தடவை கூப்பிட்டால்
காதில் விழாமலா போகும்?
விழவில்லை.
அடுத்தவளுக்கு சுவே என்று வைத்தார். கடைசி என்று பொருள்.
அதற்கும் பிறகு இரட்டைப் பிள்ளைகள்.
"ரெண்டும் பொண்ணு" என்று
இந்த மேசையில் சாய்ந்து சிரித்தாள்,
ஓய்வூதியத்துக்கு நகல் கேட்டு வந்த அன்று.

பிறகு குரலைத் தாழ்த்தி,
அதே எழுத்தை நில் என்றும் படிக்கலாம் என்றாள்.
எனக்கு முன்னால் ஒன்று
பால்குடி மறக்குமுன் போய்விட்டது.
நீயாவது நில் என்று சொன்னாரோ என்னவோ.
அப்பாவிடம் கேட்டதில்லை.
கேட்டு, முதல் அர்த்தமே வந்துவிட்டால்?

சான்டோஸ் துறைமுகத்தில் இறங்கியபோது ஐந்து வயது.
காப்பித் தோட்டத்து ரொட்டிக்கடையில்
மீசைக்காரர் ஒருவர் குனிந்து,
சூடான ரொட்டியை நீட்டி, தோமி என்றார்.
இவள் ரொட்டியை வாங்கவில்லை.
விறைத்து நின்றாள்.
இந்த மனுஷனுக்கு என் பெயர் எப்படித் தெரியும்?

அவருக்குத் தெரியாது. எங்கள் மொழியில்
தோமி என்றால் இந்தா.
இந்தா சில்லறை, இந்தா மருந்து, இந்தா சாவி.
கங்காணி கன்னத்தில் அறையும்போதும்
அதே சொல்தான்.
அதையும் அவள் வாங்கியிருக்கிறாள்.
"ஊரே என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது நெவுசா,
ஒவ்வொரு தடவையும் கையில் ஏதோ இருந்தது."

ஞானஸ்நானத்தில் அக்காக்கள் மரியா ஆனார்கள், லூர்தெஸ் ஆனார்கள்.
இவளுக்கு தெரேசா என்று எடுத்து வைத்திருந்தார் பாதிரியார்.
வேண்டாம் என்றாளாம்.
அப்புறம் ரொட்டிக்கடைக்காரர் எப்படிக் கூப்பிடுவார்?

அவள் பிறந்தபோதே அது பழைய பெயர்.
அங்கே பட்டணத்துப் பெண்களெல்லாம்
'கோ' என்று முடிந்துகொண்டிருந்தார்கள்.
பிறகு அந்தக் கோவும் உதிர்ந்து போனதாம்.
நான் மட்டும் என்ன?
என் வகுப்பில் நாலு நெவுசா.
டீச்சர் எண் போட்டுக் கூப்பிடுவாள். நான் மூணாம் நெவுசா.
கடைசியாக ஒரு குழந்தைக்கு என் பெயரை எழுதியது
எண்பத்தெட்டில், ஒரு மழை நாளில்.
அம்மாக்காரி முகத்தைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறேன்.
இந்த மாதம் மட்டும் ஆறு ஹெலேனா.

பையன் கணினியில் தேடிப் பார்க்கிறான்.
நாடு முழுக்க எத்தனை தொமே?
இருபதுக்குக் குறைந்தால் எண்ணைக் காட்டாது அந்தப் பட்டியல்.
காட்டவில்லை.
பூஜ்யம் என்றும் சொல்லவில்லை.

முத்திரை குத்தி, மை உலர ஊதி,
சான்றிதழை மகனிடம் நீட்டினேன்.
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:
தோமி.

அவர் கை பாதி வழியில் நின்றது.
பிறகு வாங்கிக்கொண்டார்.

வரிசையில் அடுத்த ஆள்.
ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது
அந்தச் சொல்லைச் சொல்கிறேன் இந்த ஜன்னலில்.
எல்லோரும் கையை நீட்டுகிறார்கள்.